மீசை வைத்த அன்னை

நுழையும் முன்

குஜராத் மாநிலத்தில் ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்கும்போது, ஆணாயின் 'பாய்' என்றும் பெண்ணாயின் 'பென்' என்றும் சேர்த்து அழைப்பர். உடன்பிறந்தவன், உடன்பிறந்தவள் என்பது அவற்றின் பொருள். ஓர் ஆசிரியரை மட்டும் அம்மாநிலத்துக் குழந்தைகள் அன்னை என்றே அழைத்தனர். அவரோ அடர்ந்த மீசை வைத்திருந்த ஆண்மகன். அவருடைய வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

வழக்கறிஞர் ஆசிரியரானார்

சௌராஷ்டிரப் பகுதியில் சித்தல் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1885ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் கிரிஜாசங்கர் பகவான்ஜி பதேகா பிறந்தார். பின்னாளில் அவரை நாடறிந்தது கிஜுபாய் என்னும் பெயரால்தான். பிழைப்புத் தேடி 1907இல் கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா சென்றார்; இரண்டு ஆண்டுகளில் தாயகம் திரும்பினார். பம்பாயில் சட்டம் பயின்று, வத்வான் என்னும் ஊரில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார். வருவாய்க்கும் மதிப்புக்கும் குறைவில்லை. அவர் அந்த வழியிலேயே சென்றிருந்தால் இன்று அவர் பெயரை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

1913இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். இவனை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்னும் கேள்வியும் உடன் பிறந்தது. அக்காலத் தொடக்கப்பள்ளிகளில் பிரம்பு ஓயாமல் சுழன்றது. குழந்தைகள் பொருள் விளங்காமலே வாய்பாட்டையும் பாடலையும் உரக்க ஒப்பித்தனர். அத்தகைய பள்ளிக்குத் தம் மகனை அனுப்பத் தந்தையின் மனம் இசையவில்லை. குஜராத்தில் நூலகங்களை வளர்த்த மோதிபாய் அமீன் அவருக்கு ஒரு நூலைக் கொடுத்தார். இத்தாலி நாட்டு மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரியின் நூல் அது. குழந்தை தானே செய்து தானே கற்கும், ஆசிரியர் அதற்கு இடமும் பொருளும் அமைத்துக் கொடுத்து அருகிருந்து கவனித்தால் போதும் என்பது அந்நூலின் சாரம். தம் மகனுக்கு வழி தேடியவர் நாட்டின் மக்களுக்கெல்லாம் வழி தேடுபவராக மாறினார்.

தென்முகக் கடவுளின் பெயரால் ஒரு பள்ளி

தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களில் கருவறையின் தெற்குச் சுவரில், ஆலமரத்தின் கீழ் அமர்ந்து முனிவர்களுக்கு உபதேசிக்கும் தட்சிணாமூர்த்தியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவரே ஆசிரியர்களுக்கெல்லாம் ஆசிரியர். பாவ்நகரில் 1910இல் நானாபாய் பட் என்பவர் சிலருடன் சேர்ந்து ஒரு மாணவர் இல்லம் தொடங்கியபோது, அதற்குத் தட்சிணாமூர்த்தி என்று அக்கடவுளின் பெயரையே சூட்டினார். நானாபாயும் கல்லூரிப் பேராசிரியர் பதவியைத் துறந்து வந்தவரே. அந்த இல்லம் படிப்படியாகப் பள்ளியாக வளர்ந்தது.

1916இல் கிஜுபாய் வழக்கறிஞர் தொழிலை விட்டு அங்கு வந்து சேர்ந்தார். முதலில் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்குக் கற்பித்தார். சில ஆண்டுகளில் அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பதின்மூன்று வயதில் வந்து சேரும் மாணவனிடம் அச்சமும் ஒப்பிக்கும் பழக்கமும் முன்னரே வேரூன்றிவிடுகின்றன. மரத்தை நிமிர்த்த முயல்வதைவிட நாற்றங்காலுக்குச் செல்வதே தக்கது என அவர் கருதினார். உயர்நிலைப்பள்ளியில் பெற்ற மதிப்பை விட்டுவிட்டு மழலையரிடம் செல்வதை அந்நாளில் பலர் பதவி இறக்கமாகவே கண்டனர். சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கப் பெரிய அறிவு எதற்கு என்னும் எண்ணம் அன்று பரவலாக இருந்தது. இன்றும் அது முற்றிலும் நீங்கிவிட்டதாகச் சொல்ல இயலாது.

1920இல் பால மந்திர் என்னும் மழலையர் பள்ளி தொடங்கப்பெற்றது. பின்னர் தக்தேசுவர் கோயிலுக்கு அருகிலுள்ள சிறு குன்றின்மீது அதற்கெனக் கட்டடம் எழுந்தது. கிஜுபாய் இவ்வளவையும் தனியே செய்துவிடவில்லை. நிறுவனத்தின் சுமையை நானாபாய் தாங்கினார். ஹர்பாய் திரிவேதி உயர் வகுப்புகளில், மாணவன் தன் வேகத்திற்கேற்ப முன்னேறும் புதிய முறையை முயன்று பார்த்தார். ஒரே வளாகத்தில் மூவர் மூன்று வகையான முயற்சியில் ஈடுபட்டிருந்தனர். ஒருவர் கண்டது மற்றவர்க்குப் பயன்பட்டது.

கதை வேண்டுமா, வேண்டாவா?

மாண்டிசோரி முறைக்கு வேண்டிய கருவிகள் விலை மிகுந்தவை. துளைகளில் பொருத்தும் உருளைக் கட்டைகள், மணிச்சரங்கள், வடிவப் பலகைகள் ஆகியவற்றை அயல்நாட்டிலிருந்து வரவழைப்பது எல்லாப் பள்ளிகளுக்கும் இயலாது. உள்ளூர்த் தச்சர் செய்து தரக்கூடியவையும், களிமண், விதை, கூழாங்கல் போன்று சுற்றுப்புறத்தில் கிடைப்பவையும் கற்கும் பொருள்களாயின. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகள் குஜராத்தி எழுத்துகளாயின. குழந்தை அவற்றை விரலால் தடவித் தடவி வடிவை உணர்ந்தது. பிறகே எழுதுகோலைப் பிடித்தது.

இதனினும் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. கற்பனைக் கதைகள் இளங்குழந்தைகளின் மெய்யறிவைக் குழப்பும் என்று மாண்டிசோரி எண்ணினார்; ஆகவே தம் முறையில் அவற்றுக்கு இடமளிக்கவில்லை. கிஜுபாய் அவரைத் தம் வழிகாட்டியாகக் கொண்டவர். எனினும் இந்த ஓர் இடத்தில் வழிகாட்டியின் சொல்லை அப்படியே ஏற்கவில்லை. பாட்டிமாரின் கதைகளைக் கேட்டு வளரும் குழந்தையிடமிருந்து கதையைப் பறிப்பது எவ்வாறு என்று எண்ணினார். நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் திரட்டினார். குழந்தைகளிடம் சொல்லிப் பார்த்தார். அவர்கள் எங்கே சிரித்தனர், எங்கே சலித்தனர் என்று கவனித்துத் திருத்தினார். பாட்டும் நாடகமும் கோலாட்டமும் பால மந்திரில் இடம்பெற்றன.

அவர் சொன்ன கதைகளுள் ஆனந்தக் காகத்தின் கதை குஜராத்தில் அறியாத குழந்தை இல்லை எனலாம். ஒரு காகம் எப்போதும் மகிழ்ந்திருந்தது. அதன்மேல் சினம் கொண்ட அரசன் அதைச் சேற்றில் தள்ளச் செய்தான். காகமோ, வழுக்கி விளையாடக் கற்கிறேன் என்று பாடியது. கிணற்றில் எறியச் செய்தான். நீந்தக் கற்கிறேன் என்று பாடியது. முள்ளில் எறிந்தால், காது குத்திக்கொள்கிறேன் என்றது. தண்டித்துத் தண்டித்து அரசன்தான் களைத்தான். பிரம்பை நம்பிய ஒரு காலத்தில் இக்கதையைக் கேட்டுச் சிரித்த குழந்தைகளை எண்ணிப் பாருங்கள்!

குழந்தைகள் அவருக்கு 'மூச்சாளி மா' என்று பெயரிட்டனர். மீசையுடைய அன்னை என்பது அதன் பொருள்.

மராட்டியத்திலிருந்து வந்த தோழர்

1923இல் பால மந்திருக்குப் புதிய ஆசிரியர் ஒருவர் வந்தார். அவர் தாராபாய் மோடக். 1892இல் பம்பாயில் பிறந்தவர், தாய்மொழி மராத்தி. பெண்கள் கல்லூரி சென்று படிப்பது அரிதாயிருந்த காலத்திலேயே பட்டம் பெற்றவர். மணவாழ்வு முறிந்தபின் சிறு மகளுடன் ராஜ்கோட்டிற்கு வந்து, அங்குப் பெண் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஏற்றிருந்தார். தம் மகளுக்கு நல்ல கல்வி தேடியபோது கிஜுபாயின் பணியைப் பற்றி அறிந்தார். ஒரு கல்லூரியின் தலைவர் தம் பதவியை விட்டு விலகி, மழலையர் பள்ளியில் உடனாசிரியராகச் சேர்ந்தார்.

சொந்த மொழி வழங்காத ஊரில் வாழ்வது எத்தகையது என்பது உங்களுக்குத் தெரியும். தாராபாய் குஜராத்தி மொழியில் கற்பித்தார். அம்மொழியிலேயே எழுதவும் செய்தார். அங்கு அவர் தாராபென் ஆனார். மராத்தியையும் அவர் மறக்கவில்லை. பிற்காலத்தில் இந்த முறையை மராத்தியக் குழந்தைகளிடம் கொண்டு சேர்க்க அதுவே அவருக்கு உதவியது.

இருவர் இயல்பும் ஒன்றல்ல. கிஜுபாய் கற்பனை வளம் மிக்கவர். ஒன்றைத் தோன்றியவுடன் செய்து பார்ப்பவர். தாராபாய் ஆசிரியர்க்கு ஆசிரியராயிருந்த பழக்கத்தால், செய்ததை ஒழுங்குபடுத்திப் பிறரும் பின்பற்றும் வகையில் அமைப்பவர். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. கிஜுபாய் ஒருவர் மட்டும் இருந்திருந்தால் பாவ்நகரில் ஒரு நல்ல பள்ளி இருந்திருக்கும். அது ஓர் இயக்கமாகப் பரவியிருக்குமா என்பது ஐயமே.

1925இல் ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டு நூதன பால சிட்சண சங்கம் என்னும் புதிய குழந்தைக் கல்விச் சங்கம் உருவாயிற்று. சிட்சண பத்திரிகா என்னும் இதழை இருவரும் சேர்ந்து நடத்தினர். தொலைவிலுள்ள ஓர் ஊரில் பிரம்பின்றிக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர் தனித்து நின்றார். அவருக்கு அவ்விதழ் துணையாயிற்று.

பகற்கனவு

1930களின் தொடக்கத்தில் கிஜுபாய் 'திவாஸ்வப்னா' என்னும் நூலை வெளியிட்டார். பகற்கனவு என்பது அதன் பொருள். தமிழிலும் அது மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. லட்சுமிராம் என்னும் கற்பனை ஆசிரியர், கல்வி அதிகாரியிடம் அனுமதி பெற்று நான்காம் வகுப்பில் ஓராண்டு புதிய முறையைச் செய்து பார்ப்பதே கதை.

முதல் நாளே லட்சுமிராம் தோற்றுப்போகிறார்! அமைதி விளையாட்டு என்று ஒன்றைத் திட்டமிட்டு வந்து, கதவுகளைச் சாத்தி அனைவரையும் அமைதியாயிருக்கச் சொல்கிறார். வகுப்பில் கூச்சலே மிகுகிறது. அடுத்த நாள் கதை சொல்லத் தொடங்குகிறார். வகுப்பு தானே அடங்குகிறது. உடனாசிரியர்களோ அவரை ஐயத்துடன் பார்க்கின்றனர். விளையாட்டால் தேர்வில் தேற முடியுமா என்று கேட்கின்றனர். அவருடைய வகுப்பின் ஆரவாரம் தங்கள் வகுப்பைக் கெடுப்பதாகக் குறை கூறுகின்றனர். லட்சுமிராம் அவர்களைப் பகைத்துக்கொள்ளவில்லை. தாம் செய்வதை அவர்கள் காணும்படி செய்கிறார். இந்நூல் பல மொழிகளில் இன்றுவரை ஆசிரியர்களால் படிக்கப்படுகிறது. அதற்கு லட்சுமிராமின் வெற்றியைவிட அந்த முதல் நாள் தோல்வியே பெரிய காரணம் எனத் தோன்றுகிறது. தோற்காத ஆசிரியரை எந்த ஆசிரியர் நம்புவார்?

கிஜுபாய் எழுதியவை நூற்றுக்கும் மேற்பட்டவை. அவற்றுட் பல குழந்தைகளுக்கு, சில ஆசிரியர்களுக்கு. பெற்றோராயிருப்பது கடினம் என்னும் பொருளுடைய தலைப்பில் பெற்றோர்க்கும் ஒரு நூல் எழுதினார். 1929இல் குஜராத்தி இலக்கியத்தின் உயர்ந்த விருதான ரஞ்சித்ராம் தங்கப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 1936 வரை பாவ்நகரில் பணியாற்றியபின், ராஜ்கோட்டில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் ஈடுபட்டார்.

கிஜுபாய்க்குப் பின்

1939ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் கிஜுபாய் பம்பாயில் காலமானார். அப்போது அவருக்கு வயது 53. அதே ஆண்டு நவம்பரில் மரியா மாண்டிசோரி இந்தியாவுக்கு வந்தார். சென்னை அடையாற்றில் ஏறத்தாழ 300 ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய நூலைப் படித்துத் தம் வாழ்வையே மாற்றிக்கொண்டவர் ஐந்து மாதங்களுக்கு முன்னரே மறைந்திருந்தார்.

தாராபாய் பணியைத் தொடர்ந்தார். அவரை நீண்ட நாளாக ஒரு கவலை வாட்டியது. தங்கள் முறை நகரங்களில் வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளோடு நின்றுவிடக் கூடாது என்று கருதினார். 1945இல் மராட்டியக் கடற்கரையிலுள்ள போர்டி என்னும் சிற்றூருக்குச் சென்றார். அங்கு அனுதாய் வாக் என்னும் இளைய ஆசிரியர் அவருடன் இணைந்தார். கிஜுபாயுடன் தாராபாய் நின்றது போல, தாராபாயுடன் அனுதாய் நின்றார்.

பின்தங்கிய குடியிருப்புகளிலிருந்து குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. ஆகவே ஆசிரியர்கள் அக்குடியிருப்புகளுக்கே சென்று வீட்டு முற்றங்களில் பள்ளி நடத்தினர். அங்கண் என்றால் முற்றம். முற்றத்தில் நடந்த அப்பள்ளி அங்கன்வாடி எனப்பட்டது. 1957இல் அப்பணி கோஸ்பாட் மலைப்பகுதிப் பழங்குடி மக்களிடம் சென்றது. அங்குக் குழந்தைகள் மாடு மேய்க்கச் சென்றுவிடுவதால் முற்றத்திலும் இருப்பதில்லை. ஆசிரியர்கள் கற்கும் பொருள்களை எடுத்துக்கொண்டு அவர்களைத் தேடிப் புல்வெளிக்குச் சென்றனர். மாடுகள் மேய்ந்துகொண்டிருக்க, மரநிழலில் வகுப்பு நடந்தது.