வில்ஹெல்ம் மேயர்

வில்ஹெல்ம் மேயர் (அக்டோபர் 25, 1824 – ஜூன் 3, 1895) டென்மார்க் நாட்டைச் சேர்ந்த காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஆவார். மூக்கின் பின்புறம், மெல்லண்ணத்துக்கு மேலே மறைந்திருக்கும் அடினாய்டு என்னும் சதை வளர்ச்சியையும், அதனால் குழந்தைகளுக்கு உண்டாகும் கோளாறுகளையும் முதன்முதலில் விரிவாக விளக்கியவர் இவரே. குழந்தைகளின் உறக்க மூச்சுத்தடையைப் புரிந்துகொள்ள இவரது பணி அடித்தளமாக அமைந்தது.

வாழ்க்கை

மேயர் டென்மார்க்கின் பிரெடெரீசியா நகரில் பிறந்தார். கோபன்ஹேகனில் மருத்துவம் பயின்று, அந்நகரிலேயே மருத்துவராகப் பணியாற்றினார். காது நோய்களில் இவருக்குத் தனி ஈடுபாடு இருந்தது.

கண்டுபிடிப்பு

1867-இல் காது கேளாமையால் துன்புற்ற ஓர் இளம்பெண் இவரிடம் வந்தார். அவரது மூக்கும் அடைபட்டிருந்தது. மேயர் தம் விரலை வாய்வழியே மெல்லண்ணத்தின் பின்புறம் செலுத்தி, மேற்பகுதியை நிரப்பியிருந்த மென்மையான சதைத்திரளை உணர்ந்தார். அதனை அகற்ற, வளைய வடிவக் கத்தியொன்றை வடிவமைத்தார். கத்தியை மூக்கின் வழியே செலுத்தி, வாய்வழியே வைத்த விரலால் அதற்கு வழிகாட்டினார்.

இச்சதை பெருத்தால் மூக்கின் வழியே காற்று செல்லாது. குழந்தை வாயைத் திறந்தே மூச்சு விடும். நடுக்காதைத் தொண்டையுடன் இணைக்கும் குழாயின் வாய் அடைபடுவதால் கேட்கும் திறனும் குறையும். பேச்சில் மூக்கொலிகள் மழுங்குவதையும் மேயர் கவனித்தார். தமிழில் கூறுவதாயின், மெல்லின எழுத்துகள் சரியாக ஒலிக்காது. 'ம' என்பது 'ப' போலவும், 'ந' என்பது 'த' போலவும் கேட்கும்.

மேயர் தம் ஆய்வை 1868-இல் டேனிய மொழியிலும், 1870-இல் இலண்டன் மருத்துவ இதழ் ஒன்றில் ஆங்கிலத்திலும் வெளியிட்டார்.

உறக்க மூச்சுத்தடை

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்வதால் மூச்சுப்பாதை குறுகுகிறது. அங்கே அடினாய்டும் டான்சிலும் பெருத்திருந்தால் மூச்சு சில நொடிகள் தடைப்பட்டு, பின் குழந்தை திணறி மூச்சிழுக்கும். உரத்த குறட்டை, புரண்டு படுத்தல், படுக்கையில் சிறுநீர் கழித்தல், பகலில் கவனக்குறைவு ஆகியன இதன் அறிகுறிகள். இத்தகைய குழந்தைகளின் உறக்கத்தையும் மந்தமான தோற்றத்தையும் 1892-இல் வில்லியம் ஆஸ்லர் தம் மருத்துவப் பாடநூலில் விவரித்தார். 1976-இல் கிறிஸ்டியன் கில்லெமினோவும் உடன் ஆய்வாளர்களும் எட்டுக் குழந்தைகளிடம் உறக்க மூச்சுத்தடையைப் பதிவுசெய்தனர். படிப்பில் மந்தம் என்றோ குறும்பு என்றோ கருதப்பட்ட குழந்தைகளுள் சிலர் உண்மையில் நோயுற்றவர்கள் என்பது இதனால் தெளிவாயிற்று.

அமெரிக்காவில் 5 முதல் 9 வயது வரையுள்ள 464 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவுகள் 2013-இல் வெளியாயின. ஏழு மாதங்களில், அடினாய்டும் டான்சிலும் அகற்றப்பட்டவர்களுள் 79 விழுக்காட்டினருக்கும், அறுவையின்றிக் கண்காணிக்கப்பட்டவர்களுள் 46 விழுக்காட்டினருக்கும் உறக்கச் சோதனை இயல்புநிலைக்குத் திரும்பியது. அறுவை செய்தவர்களின் நடத்தை கூடுதலாக மேம்பட்டது. ஆயினும் கவனத்திறன் தேர்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனவே, அறுவை எல்லாக் குழந்தைகளுக்கும் உடனடியாகத் தேவைப்படுவதில்லை. மருத்துவர் ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும்.

இறுதிக்காலம்

தம் இறுதிக்காலத்தில் மேயர், பழங்கால ஓவியங்களிலும் சிலைகளிலும் திறந்த வாயுடைய முகங்களைத் தேடி, இந்நோயின் தொன்மையை ஆராய்ந்தார். இத்தாலியின் வெனிஸ் நகரில் காலமானார். பல நாட்டு மருத்துவர்கள் வழங்கிய நன்கொடையால் கோபன்ஹேகனில் இவருக்கு 1898-இல் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது.