துப்பறியும் கதைக்குத் தந்தையானவர்

மர்மக் கதை, கொலைக் கதை, பேய்க் கதை ஆகிய மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி இலக்கியத்தின் வாசற்படிக்கு வெளியே வைத்துவிடுவது நம்மிடையே பலருக்கு வழக்கம். மாணவன் கையில் அத்தகைய நூலைக் கண்டதும் முகஞ் சுளிக்கும் ஆசிரியர்களும் உளர். நான் அந்நூல்களை விரும்பிப் படிப்பவன். அவற்றுட் பெரும்பாலானவை படித்த மறுநாளே மறக்கத்தக்கவை என்று கூறவும் நான் தயங்கேன். ஆயினும் பதரைக் கண்டு வெறுத்து நெல்லையுந் தூற்றிவிடுதல் அறிவுடைமையாகாது. இவ்வகைக் கதைகளுக்கு இலக்கியத் தகுதி உண்டோ என ஐயுறுவோர், அவற்றுக்கு வித்திட்ட எட்கார் அலன் போ என்பாரின் வரலாற்றை ஒருமுறை நோக்குதல் நலம்.

அவர் 1809ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகரிற் பிறந்தார். பெற்றோர் இருவரும் நாடக நடிகர்கள். தந்தை குடும்பத்தைக் கைவிட்டு அகன்றார்; தாய் 1811 டிசெம்பரில் றிச்மண்ட் நகரில் நோயுற்று மாண்டார். மூன்று வயதும் நிரம்பாத அக்குழந்தையை அந்நகர் வணிகரான ஜோன் அலனும் அவர் மனைவியும் எடுத்து வளர்த்தனர். அலன் என்ற பெயர் இடையில் வந்து சேர்ந்தது இவ்வாறுதான். வளர்த்தவர் பெயரைக் கொடுத்தாரேயன்றிச் சட்டப்படி தத்தெடுத்தாரல்லர். அக்குறை பிள்ளையின் வாழ்நாள் முழுவதையும் தொடர்ந்தது.

1826இல் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த இளைஞர், கைச்செலவுக்குப் பணம் போதாமற் சூதாடி, ஏறத்தாழ 2000 டொலர் கடன்பட்டார். வளர்ப்புத் தந்தை அக்கடனைத் தீர்க்க மறுக்கவே, ஓராண்டுக்குள் படிப்பு முடிந்தது. 1827இற் பொய்ப் பெயர் பூண்டு படையிற் சேர்ந்தார். அதே ஆண்டில் அவருடைய முதற் கவிதை நூல், ஆசிரியர் பெயரின்றி, ஐம்பது பிரதிகளளவில் வெளிவந்தது. 1830இல் வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியிற் புகுந்தவர், கடமைகளை வேண்டுமென்றே புறக்கணித்து மறு ஆண்டில் விலக்கப்பெற்றார். 1834இல் ஜோன் அலன் இறந்தபோது, அவருடைய மரண சாசனத்திற் போவுக்கென ஒரு காசேனும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இதன்பின் எழுத்தொன்றே அவருக்குச் சீவனோபாயமாயிற்று. 1833இலேயே கடற்பயணக் கதையொன்றுக்கு 50 டொலர் பரிசு பெற்றிருந்தார். 1835இல் றிச்மண்டிற் சஞ்சிகையொன்றின் ஆசிரியர் குழுவில் அமர்ந்தார். மறு ஆண்டில் அத்தை மகள் வேர்ஜீனியாவை மணந்தார். அத்தை மகளை மணத்தல் நமக்குப் புதிதன்று. ஆனால் மணமகளுக்கு வயது 13, மணமகனுக்கு 27. அக்காலத்து வழக்கு எதுவாயினும் அச்செய்தியை மனவருத்தமின்றிப் படிக்க என்னால் இயலவில்லை.

1841 ஏப்ரிலிற் பிலடெல்பியாச் சஞ்சிகையொன்றில் வெளியான கதையே இவரை ஒரு புதுத் துறையின் தந்தையாக்கியது. பாரிஸ் மாநகரின் மோர்க் வீதியில், உட்புறந் தாழிட்ட அறையில் இரு பெண்கள் கொல்லப்படுகின்றனர். பொலிஸார் திகைக்கின்றனர். டூபின் என்னும் ஏழைப் பிரபு, பத்திரிகைச் செய்திகளைப் படித்தும் இடத்தைப் பார்த்தும், அறிவின் துணையாலேயே உண்மையைக் காண்கிறான். கொலையாளி யாரென்பதை, அக்கதையை இன்னும் படியாதவர்பொருட்டு இங்கே கூறாது விடுகிறேன். இலண்டன் பொலிஸாரின் துப்பறியும் பிரிவு தோன்றியதே 1842இல் என்பதை எண்ணிப் பார்த்தால், இக்கற்பனையின் புதுமை விளங்கும். கூரிய மதியுடைய துப்பறிவோன், அவன் செயலை வியந்துரைக்கும் நண்பன், வழிதவறும் பொலிஸார், பூட்டிய அறை, வீண்பழி சுமந்த நிரபராதி ஆகிய யாவும் ஒரே கதையில் அமைந்துவிட்டன. 1887இல் தோன்றிய ஷெர்லக் ஹோம்ஸ் தம் முதற் கதையில் டூபினை இகழ்ந்து பேசினும், அவரைப் படைத்த கொனன் டொயில் தாம் பட்ட கடனை மறைத்தாரல்லர்.

டூபின் தோன்றும் கதைகள் மூன்றே. இரண்டாவது கதை, 1841இல் நியூயோர்க்கைச் சேர்ந்த மேரி றொஜர்ஸ் என்னும் பெண் இறந்த உண்மைச் சம்பவத்தைப் பாரிஸுக்கு மாற்றி எழுதியது. என் கருத்தில் அது தோல்வி. உலகியல் வாழ்வு நாற்காலியில் அமர்ந்து ஆராய்வோனுக்கு எளிதில் இணங்குவதில்லை. அவ்வழக்கு இறுதிவரை தீரவுமில்லை. மூன்றாவது, களவுபோன கடிதத்தைப் பற்றியது, 1844இல் வெளிவந்தது. ஒருதுளி இரத்தமுஞ் சிந்தாமல், ஒரு பிணமும் விழாமல், வாசகனை இறுதிவரை இழுத்துச் செல்லும் அக்கதையை மூன்றனுள்ளுந் தலையாயதெனக் கொள்வேன். பக்கத்துக்கொரு கொலை வைத்தால் மர்மம் வளருமென நம்பும் எழுத்தாளர்கள் அதனைப் பாடமாகக் கற்றல் வேண்டும்.

பேய்க் கதைகள் என்று நாம் பொதுவிற் கூறும் அவருடைய மற்றக் கதைகளிலும் பலவற்றிற் பேயே இல்லை. 1843இல் வெளிவந்த ஒரு சிறுகதையை நோக்குக. கிழவனொருவனைக் கொன்று பலகைத் தளத்தின்கீழ் மறைத்தவன், சோதனைக்கு வந்தவர்முன் அமைதியாக அமர்ந்திருக்கிறான். இறந்தவனின் இதயம் துடிக்கும் ஓசை அவன் செவியில் மட்டும் ஓங்கி ஒலிக்கிறது. தாங்கமாட்டாது குற்றத்தைத் தானே வெளியிடுகிறான். அச்சம் பாழ்மண்டபத்திலிருந்து வரவில்லை, நெஞ்சத்திலிருந்து வருகிறது. அறங்கூற முனையாமலே அறத்தை உணர்த்தும் இக்கதையை இலக்கியமன்றென ஒதுக்குவோர், இலக்கியம் யாதென எனக்கு விளக்கவேண்டும்.

அக்கதையை எழுதிய காலத்தில் அவர் இல்லமே அச்சத்தின் உறைவிடமாயிருந்தது. 1842 ஜனவரியிற் பாடிக்கொண்டிருந்த மனைவியின் வாயிலிருந்து இரத்தம் பெருகிற்று. காசநோய் தேறுவதும் மீள்வதுமாக ஐந்தாண்டுகள் வதைத்தது. 1845இல் அண்டங்காக்கையைப் பற்றிய கவிதையாற் போவின் புகழ் நாடெங்கும் பரவிற்று. வறுமை மட்டும் விலகவில்லை. 1847 ஜனவரி 30ஆம் திகதி, போர்டாம் கிராமத்துச் சிறுகுடிலில், 24 வயதில் வேர்ஜீனியா கண்மூடினாள்.

1849 ஒக்டோபர் 3ஆம் திகதி, தேர்தல் நாளன்று, பால்டிமோர் நகரில் வாக்கெடுப்பு நடந்த விடுதியொன்றில், தமதல்லாத ஆடை அணிந்து, நினைவு தடுமாறிய நிலையில் அவர் காணப்பட்டார். நான்கு நாட்களின்பின் வைத்தியசாலையில் இறந்தார். வயது 40. நேர்ந்தது யாதென்பது இன்றுவரை துலங்கவில்லை. துப்பறிவோனைப் படைத்தவரின் மரணத்துக்குத் துப்புத் துலக்க ஒரு டூபின் இலன்.

இறந்தவருக்கு இன்னுமொரு தீங்கு காத்திருந்தது. அவரிடம் பகைமை கொண்டிருந்த கிறிஸ்வோல்ட் என்பார், புனைபெயரில் இழிவான இரங்கலுரை எழுதினார். 1850இல் வெளியிட்ட வரலாற்றிற் போவைக் கயவராகச் சித்திரித்து, அவர் கடிதங்களையுந் திரித்து அச்சிட்டார். கதைகளில் வரும் பித்தரையும் கொலைஞரையும் கண்டிருந்த வாசகர்கள், எழுதியவரும் அத்தகையவரே என எளிதில் நம்பினர். 1941இல் ஆர்தர் ஹொப்சன் குவின் என்ற பேராசிரியர், மூலக் கடிதங்களையும் அச்சில் வந்தவற்றையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, வஞ்சகத்தை ஐயந்திரிபற நிறுவினார். சான்றை நோக்கு, சொல்வோன் உள்நோக்கை ஆராய், பின்னர் முடிவு செய் என்பதே டூபினின் முறை. அம்முறையே அவனைப் படைத்தவரின் மானத்தைக் காத்தது.

பிரெஞ்சுக் கவிஞர் பொதலேயர் அவர் கதைகளை மொழிபெயர்த்தார். யப்பானிய எழுத்தாளரொருவர் எட்கார் அலன் போ என்பதன் ஒலியையொட்டி எடொகவா ரம்போ என்றே தமக்குப் புனைபெயர் சூடினார். உலகம் அவரை ஏற்றுக்கொண்டது.

ஆகவே, ஆசிரியர்க்கு ஒன்று கூறுவேன். மாணவன் மர்மக் கதை படித்தால் நூலைப் பறிக்க வேண்டாம். குற்றவாளி யாரென எப்போது உணர்ந்தாய், எதனால் உணர்ந்தாய் என்று மட்டுங் கேளுங்கள். அவன் சான்று காட்டி விடை கூறுவானாயின், அந்நூல் ஓர் ஆசிரியரின் பணியைச் செய்திருக்கிறது. விடை கூற இயலாதாயின், அதனினுஞ் சிறந்த ஒரு மர்மக் கதையை அவன் கையிற் கொடுங்கள்.