மருந்துச் சட்டத்துக்கு வித்திட்ட ராம்நாத் சோப்ரா

புது தில்லி: மூலிகையின் பெருமையைப் பேசினால் போதாது, அதன் பயனைச் சோதனையில் நிரூபிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர் கர்னல் சர் ராம்நாத் சோப்ரா. இந்திய மருந்தியலின் தந்தை எனப் போற்றப்படுபவர்.

தற்போது பாகிஸ்தானில் உள்ள குஜ்ரன்வாலாவில் 1882-ல் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்று, 1908-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1921-ல் கொல்கத்தா வெப்ப மண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியரானார்.

அங்கு அவர் ஆராய்ந்த மூலிகைகளுள் ஒன்று சர்ப்பகந்தா. மனநோய்க்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் அதன் வேர் பயன்படுவதை கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் 1931-ல் எழுதினர். அதன் வேதிப்பொருளின் செயல்பாட்டை ஆராய்ந்து, சோப்ரா குழுவினர் 1933-ல் கட்டுரை வெளியிட்டனர். எனினும், முக்கிய மருந்துப் பொருளான ரிசர்பினை 1952-ல் பிரித்தெடுத்தது சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனமே.

நரம்பு முனைகளில் உள்ள நுண்பைகளில் நார்அட்ரினலின், டோபமைன், செரடோனின் ஆகியவை சேமிக்கப்படுகின்றன. அவை பைகளுக்குள் செல்லும் வழியை ரிசர்பின் அடைக்கிறது. வெளியே தங்குபவற்றை நொதி சிதைத்துவிடுகிறது. சமிக்ஞை வரும்போது வெளிவிடச் சரக்கு இல்லாததால் ரத்த நாளங்கள் தளர்ந்து, அழுத்தம் குறைகிறது. ரிசர்பினால் முடங்கிய விலங்குகளை எல்-டோபா மீண்டும் இயங்கச் செய்ததை 1957-ல் கண்டறிந்த ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன், டோபமைன் ஆய்வுக்காக 2000-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மனச்சோர்வு உள்ளிட்ட பக்கவிளைவுப் புகார்களால் ரிசர்பினின் பயன்பாடு பின்னாளில் சுருங்கியது.

சோப்ராவின் மற்றொரு களம் சட்டம். மருந்துகளின் தரத்தைக் கட்டுப்படுத்தக் கோரி அன்றைய மத்திய சட்டமன்றத்தின் மேலவை 1927-ல் தீர்மானம் நிறைவேற்றியது. மூன்றாண்டுகளுக்குப் பிறகே, 1930-ல், சோப்ரா தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மத்தியச் சட்டம், பரிசோதனைக் கூடங்கள், மருந்தாளுநர் தொழிலுக்கு நெறிமுறை ஆகியவற்றைக் குழு 1931-ல் பரிந்துரைத்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்தே 1940-ல் மருந்துச் சட்டம் நிறைவேறியது.

1941-ல் சர் பட்டம் பெற்ற அவர், ஜம்முவில் மருந்து ஆய்வுக்கூடத்தை உருவாக்கினார். நாட்டு மருத்துவ முறைகள் குறித்த மத்தியக் குழுவுக்கும் தலைமையேற்று, 1948-ல் அறிக்கை அளித்தார். ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகள் 1964-ம் ஆண்டுத் திருத்தத்தால் சட்ட வரம்புக்குள் வந்தன. அந்த மாற்றத்தையும் கண்ட பிறகே, 1973-ல் சோப்ரா காலமானார்.