துடுப்பு போட்ட அலீஸ்



கல்லணையில் தண்ணீர் திறந்தால் நம்ம ஊர் வாய்க்கால் வரைக்கும் காவிரி வந்துவிடும். பையன்கள் வாழைத்தண்டைக் கட்டி மிதந்து எதிர்க்கரைக்குப் போவார்கள். பெண்பிள்ளைகள் நாங்கள் கரையில் நின்று வேடிக்கை பார்ப்போம். அதனாலோ என்னவோ, படகில் துடுப்பு போட்ட ஒரு பெண்மணியின் வரலாறு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் பெயர் அலீஸ் மிலியா.

1884 மே 5-இல் பிரான்ஸ் நாட்டின் நாந்த் நகரில் பிறந்தார். இளம் வயதில் இங்கிலாந்து போனார். 1904-இல் கல்யாணம். நாலே வருஷத்தில், 1908-இல், கணவர் இறந்துவிட்டார். அப்போது அலீஸுக்கு வயது 24, குழந்தையும் இல்லை. அவர் மூலையில் உட்காரவில்லை. மொழிபெயர்ப்பு வேலை பார்த்துச் சொந்தக் காலில் நின்றார். நீச்சல், ஹாக்கி எல்லாம் விளையாடினார். எல்லாவற்றையும் விடப் படகோட்டுவதுதான் அவருக்கு உயிர். 12 மணி நேரத்துக்குள் 80 கிலோமீட்டர் துடுப்பு போட்டு, அதற்கான சான்றிதழ் வாங்கிய முதல் பெண் அவர்தான். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போய்த் திரும்பி வரும் தூரம் அது!

1915-இல் பாரிஸ் நகரின் ‘ஃபெமினா ஸ்போர்ட்’ என்ற பெண்கள் விளையாட்டுக் கழகத்துக்குத் தலைவியானார். 1919-இல் பிரான்ஸ் நாட்டுப் பெண்கள் விளையாட்டுச் சம்மேளனத்துக்கே தலைவி. 1920-இல் பெண்கள் கால்பந்து அணியை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போனார். பிரஸ்டன் நகரில் நடந்த ஆட்டத்தைப் பார்க்க சுமார் 25,000 பேர் வந்தார்களாம்.

1919-இல் ஒலிம்பிக் கமிட்டியிடம் ஒரு கோரிக்கை வைத்தார். பெண்களுக்கும் ஓட்டம், தாண்டுதல், எறிதல் போட்டிகள் வேண்டும் என்பதுதான் அது. அதெல்லாம் முடியாதுன்னுட்டாங்க. பெண்ணின் உடம்பு தாங்காது என்று அந்தக் காலத்தில் பெரிய மனிதர்களே நம்பினார்கள். காலையிலிருந்து சேற்றில் குனிந்து நாற்று நடுகிற எங்க அப்பாயியை அவர்கள் பார்த்திருக்க வேண்டும்!

இடம் தரவில்லை என்றால் என்ன, நாமே நடத்துவோம் என்று அலீஸ் கிளம்பிவிட்டார். 1921-இல் பெண்களுக்கென ஒரு சர்வதேச சம்மேளனம் தொடங்கினார். 1922 ஆகஸ்ட் 20-இல் பாரிஸில் பெண்கள் ஒலிம்பிக் நடந்தது. 5 நாடுகள், 11 போட்டிகள், ஒரே நாள். சுமார் 20,000 பேர் பார்த்தார்கள்.

ஒலிம்பிக் கமிட்டி சும்மா இருக்குமா? அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்றது. கடைசியில் ஒரு சமரசம். அலீஸ் ‘ஒலிம்பிக்’ என்ற பெயரை விட்டுக்கொடுத்தார். அதற்குப் பதிலாக 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்குத் தடகளப் போட்டிகள் கிடைத்தன. கிடைத்தது வெறும் ஐந்துதான்! இது போதாது என்று இங்கிலாந்து வீராங்கனைகள் வரவே இல்லை. 800 மீட்டர் ஓட்டத்தில் ஜெர்மனியின் லினா ராட்கே உலக சாதனை படைத்தார். ஆனால் பத்திரிகைகள், ஓடியவர்கள் மயங்கி விழுந்ததாகப் பெரிதுபடுத்தி எழுதின. அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். 1960-இல்தான் அது திரும்ப வந்தது. அதைப் பார்க்க அலீஸ் இல்லை. 1957 மே 19-இல் பாரிஸில் இறந்துவிட்டார். நாந்த் நகரில் இருக்கும் அவர் கல்லறையில் ரொம்ப வருஷம் அவர் பெயர்கூட இல்லை.

அவர் பிரியமாகச் செய்த படகோட்டத்தில் பெண்களுக்கு 1976-இல்தான் ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சரிசமமாக இடம் ஒதுக்கினார்கள். அதன் தொடக்க விழாவில், செய்ன் ஆற்றங்கரையில் பத்துப் பெண்களின் பொன்னிறச் சிலைகள் எழுந்தன. அதில் ஒருவர் நம் அலீஸ்.

இதை ஏன் எழுதினேன் தெரியுமா? நம் பள்ளி விளையாட்டு விழாவில் பெண்களுக்கு ஓட்டம் 400 மீட்டரோடு முடிந்துவிடுகிறது. இந்த வருஷம் 800 மீட்டரும் வைக்கும்படி உடற்கல்வி ஆசிரியையிடம் கேட்கப் போகிறேன். தனியாகப் போகக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஓட விருப்பம் உள்ள தோழிகள் இந்தத் தாளின் அடியில் பெயர் எழுதுங்கள். சேர்ந்தே போவோம். முதல் பெயர் என்னுடையது.



– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி