தேயிலை நாட்டைத் திரையில் தீட்டியவர்

அக்கரப்பத்தனை மலைச்சரிவுகளில் காலைப் பனி விலகும் வேளையில், பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து பறிப்பது மலைநாட்டார் நாள்தோறும் காணும் காட்சி. பழகிய கண்களுக்கு அதில் புதுமை தோன்றுவதில்லை. ஆயினும் 1934ஆம் ஆண்டில் இத்தகைய காட்சிகளைப் படச்சுருளில் பதித்து, உலகத்தார் வியக்க வைத்தார் ஓர் ஆங்கில இளைஞர். அவர்தாம் பஸில் ரைட்.

1907ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் நாள் லண்டன் மாநகரில் வளம் மிக்க குடும்பத்தில் அவர் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கற்கும்போதே படமெடுக்கும் கலையில் மோகங்கொண்டார். விவரணப்படத் துறையின் தந்தை எனப் போற்றப்படும் ஜோன் கிரியர்சன், அவருடைய ஆற்றலை உணர்ந்து தம் குழுவிற் சேர்த்துக்கொண்டார். அக்குழு 1933இல் பிரித்தானியத் தபாற்றிணைக்களத்தின் ஆதரவில் இயங்கலாயிற்று.

அந்நாளில் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை, இத்தீவைப் பற்றிய நான்கு சிறு படங்களை வேண்டியது. 1934இன் தொடக்கத்தில் ரைட் இங்கு வந்தார். விளம்பரத்திற்கென வந்தவர், நான்கு பகுதிகள் கொண்ட ஒரே கலைப்படைப்போடு திரும்பினார். ‘சோங் ஒஃப் சிலோன்’ என்பது அதன் பெயர். சிவனொளிபாத மலை ஏறும் அடியார்களோடு படம் தொடங்குகிறது. 1681இல் வெளியான றொபேட் நொக்ஸின் நூற்பகுதிகளைக் கொழும்புக் கலைஞர் லயனல் வென்ட் வாசிக்கிறார். வோல்டர் லீ இசையமைத்தார். 1935இல் பிரசெல்ஸ் திரைப்பட விழாவில் அது முதற்பரிசு பெற்றது.

வாணிகத்தின் குரல்களைக் காட்டும் மூன்றாம் பகுதியே நம் சிந்தனைக்கு உரியது. கண்முன்னே உழைக்கும் கைகள்; செவியிலோ சந்தை விலைகளும் வணிகக் கடித வாசகங்களும். பணம் கொடுத்தவர் தேயிலை வாணிகர். ஆயினும் உழைப்புக்கும் விலைக்கும் இடையிலுள்ள தூரத்தை ரைட் மறைத்தாரல்லர். இஃது அவர் பெருமை. அதேவேளை, கொழுந்து பறித்தவளின் சொந்தக் குரல் அங்கே ஒலிக்கவில்லை. அவள் பெயரும் அறியப்படவில்லை. அன்று தோட்டங்களில் உழைத்தோரிற் பெரும்பாலார் தமிழர். பதினான்கு ஆண்டுகளின் பின், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது.

ரைட் 1936இல் ஹரி வாட்டுடன் ‘நைட் மெயில்’ படத்தை இயக்கினார். 1953இல் யுனெஸ்கோவுக்காகப் போல் ரோதாவுடன் ‘வேர்ல்ட் விதவுட் எண்ட்’ படத்தை உருவாக்கினார். 1974இல் திரைப்பட வரலாற்று நூலொன்றை வெளியிட்டார். 1987ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் மறைந்தார்.

பழைய படச்சுருள் காலத்தால் நைந்து அழியும் இயல்பினது. பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் தபாற்றிணைக்களப் படங்களை வட்டுத் தொகுதிகளாக வெளியிட்டு, 2008இல் வந்த முதல் தொகுதியில் இப்படத்தையும் சேர்த்தது. பழம்படம் சேகரிக்கும் அன்பர்க்கு அஃது ஓர் அரும்பொருள். மலைநாட்டுப் பாடசாலைக்கோ அது குடும்பப் புகைப்படம் போன்றது. ஆசிரியர்கள் அதனைத் தேடிப்பெற்று மாணவர்க்குக் காட்டுவாராக. பாட்டன் பாட்டியர் சொல்லிச்சென்ற கதைகளையும் உடன் எழுதச் செய்வாராக. ரைட் விட்டுச்சென்ற மௌனத்தை நிரப்ப வேண்டியவர் அவர்களே.