ஆறு புள்ளிகளின் தந்தை லூயி பிரெயில்

பாரிஸ் நகருக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் கூப்வ்ரே என்றொரு சிற்றூர். அங்கே குதிரைச் சேணம் தைத்துப் பிழைத்த ஒரு தொழிலாளியின் கடைசி மகனாக 1809 ஜனவரி 4-ஆம் தேதி பிறந்தவர் லூயி பிரெயில்.

மூன்று வயதில், தந்தையின் பட்டறையில் விளையாடுகையில், தோலில் துளையிடும் குத்தூசி அவர் கண்ணில் பாய்ந்தது. புண் மறு கண்ணையும் கெடுத்தது. ஐந்து வயதுக்குள் இரு கண்களும் இருண்டன.

பார்வையற்றவர் என்றால் பிச்சைதான் கதி என்றிருந்த காலம் அது. பெற்றோர் மகனை மூலையில் உட்கார வைக்கவில்லை. மரப்பலகையில் ஆணிகளை அறைந்து, தடவிப் பார்த்து எழுத்தறியச் செய்தார் தந்தை. ஊர்ப் பாதிரியார் பரிந்துரைக்க, உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் மற்றப் பிள்ளைகளோடு அவரையும் சேர்த்துக்கொண்டார். அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவன் தினமும் கைபிடித்து அழைத்துச் சென்றான் என்பார்கள். காதால் கேட்டே லூயி வகுப்பில் முன்னணியில் நின்றார்.

1819-இல் பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்த புடைப்பெழுத்துப் புத்தகங்களோ கனமானவை. படிப்பதும் மெதுவாகவே நடக்கும். ராணுவ அதிகாரியாயிருந்த பார்பியே என்பவர் பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட முறையொன்றைக் கொண்டுவந்தார். அது விரல் நுனியில் அடங்கவில்லை. லூயி அதை ஆறாகக் குறைத்தார். 1824-இல் அம்முறை உருவானபோது அவருக்கு வயது 15. கண்ணைப் பறித்த கருவியைப் போன்றதொரு கூர்முனையே, காகிதத்தில் புள்ளி குத்தும் எழுதுகோலாயிற்று.

பின்னர் அப்பள்ளியிலேயே ஆசிரியரானார். 1840-களில் நிர்வாகம் அம்முறைக்குத் தடை விதித்தது. மாணவர்கள் மறைவாக எழுதினார்கள்; தடை தோற்றது. காசநோயால் 1852 ஜனவரி 6-இல், 43 வயதில் அவர் காலமானார். 1854-இல் பிரான்ஸ் அம்முறையை ஏற்றது. 2009-இல் நம் அரசு அவர் நினைவாக 2 ரூபாய் நாணயம் வெளியிட்டது.

இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் ஏற்கப்பட்டது. அதில் தமிழ் 'க'வுக்கும் மலையாளக் 'க'வுக்கும் ஒரே புள்ளிகள்தாம்! வாளையாறிலும் மூணாறிலும் இரு மொழிகளுக்கிடையே வளரும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாமே.

ரயிலில் பார்வையற்ற ஒருவரைக் கண்டு குழந்தை ஏதேனும் கேட்டால், தொடையில் கிள்ளி வாயை அடைக்கிறோம். கிள்ளினால் அச்சந்தான் மிஞ்சும். அவருக்குக் கண் தெரியாது, விரலால் படிப்பார், உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கை கொடுக்கவேண்டும் என்று சொன்னால் போதும், குழந்தை புரிந்துகொள்ளும்.

குறையுள்ள பிள்ளையை லயத்து வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் பெற்றோர் ஒன்றறிய வேண்டும். 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள பிள்ளைக்கு, 6 முதல் 18 வயதுவரை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமையாகும். கூப்வ்ரே ஆசிரியருக்கு அப்படியொரு சட்டம் இருக்கவில்லை. ஆனாலும் அவர் பெஞ்சில் இடம் கொடுத்தார்.