மேரி டாலியோனி அம்மையார்

மேலைநாட்டு நடனமாகிய பாலேயை நேரிற் கண்டவர்க்கும், படத்திலேனும் பார்த்தவர்க்கும், முதற்கண் நினைவிற்கு வருவது நுரைபோல் அடுக்கடுக்காய் நின்று அசையும் வெண்ணிறப் பாவாடையேயாகும். அதனை இன்று டூட்டூ என்று வழங்குவர். காற்றினும் மெல்லியதாய்த் தோன்றும் அவ்வாடை புகழெய்திய வரலாறு ஒரு பெண்மணியின் வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கின்றது. அஃது அவருக்கு அளித்த புகழ் பெரிது. அவரிடமிருந்து கவர்ந்துகொண்டதும் சிறிதன்று. அப்பெண்மணியே மேரி டாலியோனி அம்மையார்.

அம்மையார் 1804-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 23-ம் தேதி ஸ்வீடன் தேசத்தின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமிற் பிறந்தார். தந்தையார் பிலிப்போ டாலியோனி இத்தாலியர். நடனம் ஆடுவதிலும் அமைப்பதிலும் வல்லவர். தாயார் சோபி கார்ஸ்டன், ஸ்வீடன் தேசத்துப் பாடகர் ஒருவரின் மகளார். இத்தகைய குடியிற் பிறந்தும், நடனத்திற்கு வேண்டிய உடலழகு மேரிக்கு வாய்க்கவில்லை. மெலிந்த தேகமும், சற்றே கூனிய முதுகும், அளவிற்கு மிஞ்சி நீண்ட கைகளும் உடைய அச்சிறுமியைக் கண்டோர், இவள் ஆடற்கலைக்கு ஏற்றவளல்லள் என்றே எண்ணினர்.

தந்தையார் அங்ஙனம் எண்ணினாரல்லர். வியன்னா நகரில் மகளைத் தம்பாலிருத்தி, ஆறு திங்கள் அளவும் கடும்பயிற்சி அளித்தார். காலையில் இரண்டு மணி, நடுப்பகலில் இரண்டு மணி, மாலையில் இரண்டு மணி என நாள்தோறும் ஆறு மணி நேரம் அப்பயிற்சி நடைபெற்றது. ஒரு காலின் விரல்நுனிக்கருகே உடல் முழுவதையும் தாங்கி நின்றுகொண்டு, நூறு எண்ணும் வரையில் அசையாதிருத்தல் வேண்டும். மகள் களைத்து மயங்கி வீழ்ந்த நாட்களும் உண்டு. தந்தையார் குறைகளைக் குறைகளென விட்டுவிடாமல் அவற்றையே அழகாக மாற்றும் வழியையும் கண்டார். கூன் புலப்படாதபடி உடலைச் சற்றே முன்சாயச் செய்தார். கைகளின் நீளம் தோன்றாதவாறு முழங்கைகளை வளைத்து மார்பின்மேற் குறுக்கே வைக்கச் செய்தார். குறையை மறைக்கப் பிறந்த அந்நிலைகளே பின்னர் எல்லா நடனமாதரும் கற்கும் இலக்கணங்களாயின. 1822-ம் ஆண்டு ஜூன் மாதம் 10-ம் தேதி வியன்னா நகரில் அம்மையார் முதன்முதல் அரங்கேறினார். 1827-ம் ஆண்டிற் பாரிஸ் மாநகரின் பேரரங்கிலும் ஆடினார்.

அக்காலத்துப் பாரிஸ் அரங்கில் ஒரு புதுமை புகுந்திருந்தது. 1822 முதல் அங்கு வாயுவிளக்குகள் எரிந்தன. மெழுகுவர்த்தியாலும் எண்ணெய் விளக்காலும் இயலாத நிலவொளியை அவ்விளக்குகளால் அரங்கிற் பரப்பவும் குறைக்கவும் இயன்றது. அவ்வொளியில் 1831-ம் ஆண்டிற் கல்லறையினின்றெழுந்து ஆடும் கன்னியரின் தலைவியாக அம்மையார் தோன்றியபோது அவையோர் வியப்பில் ஆழ்ந்தனர். அதன் பயனாகவே 1832-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 12-ம் தேதி, தந்தையார் மகளுக்கென்றே அமைத்த லா சில்பீட் என்னும் நாட்டியம் அரங்கேறிற்று. ஸ்காட்லாந்து நாட்டு இளைஞன் ஒருவன்பாற் காதல் கொண்டு, அவன் போர்த்திய மந்திரத் துகிலாற் சிறகிழந்து மாயும் வானமகளின் கதை அது.

வானமகளுக்கு உடை யாது? பொன்னிழையும் மணியும் ஒழிந்தன. இறுகிய மேற்சட்டை, அதன்கீழ் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே மணிபோல் விரிந்து தொங்கும் பலவடுக்கு வெண்மஸ்லின் பாவாடை, முதுகிற் சிறு இறகுகள், தலையில் மலர்ச்சூட்டு, அவ்வளவே. ஓவியர் யூஜீன் லாமி அவ்வாடையை வகுத்தனர் என்பர். அடிகளில் அணிந்தது, இக்காலத்ததுபோற் கடினமான முனை கொண்டதன்று. நுனியில் நூலால் தைத்து உரமேற்றிய மெல்லிய பட்டுச் செருப்பே. விரல்நுனியில் நிற்றல் அவர்க்கு முன்னரே சிலர் செய்து காட்டிய வித்தைதான். ஆயினும் அதனை வித்தை என்னும் நிலையினின்று உயர்த்தி, மண்ணைத் தொடாத உயிரொன்றின் நடையாக்கியவர் அம்மையாரே. வாயுவிளக்கின் ஒளியில் வெண்துணி தானே ஒளிர்வதுபோல் தோன்றிற்று. ஆறு மணி நேரப் பயிற்சியும் அதிற் சிந்திய வியர்வையும் அவையோர் கண்ணிற்குப் புலப்படவில்லை.

அன்றுமுதல் ஐரோப்பா முழுவதும் அவர் புகழ் பரவியது. 1837 முதல் 1842 வரை ருஷ்ய நாட்டில் ஆடினார். அவர் அந்நாட்டை விட்டுச் செல்லுங்கால், அவருடைய ஆடற்செருப்பினை அன்பர் சிலர் இருநூறு ரூபிளுக்கு வாங்கிச் சமைத்து உண்டனர் என்றொரு கதையும் வழங்குகின்றது. 1845-ம் ஆண்டில் லண்டன் மாநகரில், அக்காலத்துத் தலைசிறந்த நடனமாதர் மற்றும் மூவரோடு ஒரே மேடையில் ஆடினார். இல்வாழ்க்கையோ இனிதாய் அமையவில்லை; 1832-ல் மணந்த பிரபுவை விரைவிலேயே பிரிய நேர்ந்தது. 1847-ம் ஆண்டில் அரங்கினின்றும் ஓய்வு பெற்று, இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் வாழ்ந்தார்.

அவ்வமைதியைக் கலைத்தது ஓர் இளம்பெண்ணின் புகழ். 1858-ம் ஆண்டில் எம்மா லீவ்ரி என்னும் பதினாறு வயதுச் சிறுமி, பாரிஸ் நகரில் அதே லா சில்பீட் நாட்டியத்தில் அரங்கேறினாள். தம் இளமையே மீண்டும் உருக்கொண்டாற்போன்ற அவளைக் கண்ட அம்மையார், பாரிஸ் நகரிலே தங்கி அவளுக்கு ஆசிரியரானார். 1860-ம் ஆண்டு நவம்பர் மாதம் 26-ம் தேதி, அவளுக்கென வண்ணத்துப்பூச்சி என்னும் பொருளுடைய ல பாப்பியோன் என்னும் நாட்டியத்தைத் தாமே அமைத்து அரங்கேற்றினார். வண்ணத்துப்பூச்சியாக மாற்றப்பட்ட கன்னி, தீப்பந்தத்தின் ஒளியால் ஈர்க்கப்பட்டுச் சிறகு கருகுவது அக்கதையில் வரும் ஒரு நிகழ்ச்சி. அக்கற்பனை ஈராண்டுக்குள் உண்மையாகுமென எவரும் நினைத்திலர்.

அரங்கை அழகு செய்த விளக்கே அரங்கில் வாழ்வோர்க்குப் பகையாயிருந்தது. மெல்லிய பருத்தித் துணி பலவடுக்காய்க் காற்றுப் பொதிந்து நிற்பின், ஒரு பொறியே போதும். 1844-ம் ஆண்டில் லண்டன் நகரிற் கிளாரா வெப்ஸ்டர் என்னும் நடனமாது அவ்வாறே தீப்பட்டு மாண்டாள். ஆதலின் 1859-ம் ஆண்டிற் பிரான்சு அரசாங்கத்தார், அரங்கின் உடைகளைத் தீப்பற்றாதவாறு உப்புக்கரைசலில் தோய்த்தல் வேண்டுமெனக் கட்டளையிட்டனர். அங்ஙனம் தோய்த்த துணி விறைத்து நிறம் மங்கிற்று. எம்மா அதனை உடுக்க இசைந்திலள். வழக்கமான ஆடையையே உடுத்து ஆடுவதாகவும், விளைவிற்குத் தானே பொறுப்பென்றும் 1860-ம் ஆண்டில் எழுத்துமூலம் அறிவித்தாள். 1862-ம் ஆண்டு நவம்பர் மாதம் 15-ம் தேதி, ஊமைப்பெண் வேடத்திற்கான ஒத்திகையின்போது, அவள் பாவாடை விளக்கொன்றின் சுடரிற் பட்டது. தீ ஒருகணத்தில் அவளை வளைத்துக்கொண்டது. எட்டுத் திங்கள் துன்புற்று, 1863-ம் ஆண்டு ஜூலை மாதம் 26-ம் தேதி உயிர்நீத்தாள். அப்போது அவளுக்கு வயது இருபது. அவள் உடையிற் கருகி எஞ்சிய துணிகள் பாரிஸ் அரங்கின் காட்சிச்சாலையிற் பாதுகாக்கப்பட்டன.

அம்மையாரின் பிற்காலம் வளமாய் அமையவில்லை. தேடிய பொருள் கரைந்தது. 1870-ம் ஆண்டில் மூண்ட போருக்குப்பின் லண்டன் நகரில் செல்வர் இல்லத்து மக்களுக்கு நடனமும் நடையொழுக்கமும் கற்பித்துப் பிழைத்தார். 1884-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 22-ம் தேதி, எண்பதாண்டு நிறைவதற்கு ஒரு நாள் முன்னர், மார்சேல் நகரிற் காலமானார்.

அவர் அணிந்த ஆடையோ வாழ்ந்தது. கால்வித்தை நன்கு தோன்றவேண்டுமென்று பின்வந்தோர் அதனைக் குறுக்கினர். இருபதாம் நூற்றாண்டில் அஃது இடுப்பைச் சூழ்ந்து தட்டுப்போல் விரிந்து நிற்கும் வடிவும் பெற்றது. மின்விளக்கு வந்தபின் திறந்த சுடரும் அரங்கை விட்டகன்றது.

அழகு எளிதாய்த் தோன்றுமிடத்தெல்லாம் அதன் பின்னே ஒருவர் பட்ட பாடு மறைந்து கிடக்கும். பாடு தன்னுடையதாயின் அது தவமாகும். மேரி அம்மையார் இயற்றியது அதுவே. எம்மாவின் மரணத்தைத் தவமென்று போற்றுதல் தகாது. இருபது வயதுப் பெண்ணொருத்தியின் பிழையென்று அவள்மேல் மட்டும் சுமத்தி அமைதலும் அறமன்று. மங்கிய துணியைச் சகியாத கண்கள் அவளுடையன மட்டுமல்ல. அவையில் அமர்ந்து கண்டு களித்தோர் அனைவருடையனவுமாம். கலையைச் சுவைப்போர், அதனைப் படைப்போரின் உயிரையும் கருதிச் சுவைத்தல் வேண்டும் என்பதே, அவ்வெள்ளாடை நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.